கடைமடை நிருபரும் கடவுச்சொல்லும்

விடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் மேட்டூர் நிலவரம் வந்துவிடும். நீர்மட்டம், இருப்பு, வரத்து, திறப்பு என்று நான்கு எண்கள். தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ மயிலாடுதுறையிலோ நிருபராக இருப்பவர் காபிக்கு முன்பே அதைப் பார்த்துவிடுவார். முழு உயரம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். வழக்கப்படி ஜூன் 12 அன்று அணை திறந்தால் மூன்று நாள் வாக்கில் தண்ணீர் கல்லணைக்கு வரும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். தலைஞாயிறு, கீழையூர் பக்கத்துக் கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் பல நாள் பிடிக்கும். அதற்குள் எந்த வாய்க்கால் தூர்வாரப்பட்டது, எது தூர்வாரியதாகக் கணக்கு மட்டும் காட்டப்பட்டது, எந்த மதகின் ஷட்டர் ஏறவில்லை என்பதெல்லாம் வெளிப்பட்டுவிடும். மாவட்டத்தின் அந்த மாத அரசியல் அதுதான்.

சென்னையிலும் டெல்லியிலும் அரசியல் நிருபர் வேறு, தொழில்நுட்ப நிருபர் வேறு. ஒருவர் கட்சி அலுவலகத்துக்கும் சட்டமன்றத்துக்கும் போவார். மற்றவர் புது போன் அறிமுகத்துக்கும் நிறுவனங்களின் கருத்தரங்குக்கும் போவார். டெல்டாவில் இந்தப் பாகப்பிரிவினை நிற்காது. நெல் விற்க இணையத்தில் பதிய வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போனால் செயலியில் படம் ஏற வேண்டும். ரேஷன் கடையில் விரல் வைத்தால் கருவி ஏற்க வேண்டும். உதவித்தொகை வர ஆதாரும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். இவற்றில் எது நின்றாலும் மறுநாள் சாலை மறியல். மறியலை மட்டும் எழுதினால் பாதிச் செய்திதான். கோளாறு சர்வரிலா, சர்வரைச் சாக்காகச் சொல்லும் ஆளிடமா என்று போய்ப் பார்த்தால்தான் மீதிப் பாதி கிடைக்கும்.

அரசியலையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்து எழுதும் தமிழ் நிருபர்களுக்குச் சரியான நாற்றங்கால் டெல்டாதான் என்பது என் கட்சி. அந்த நாற்றைப் பிடுங்கி நடுவதற்கு நம் பத்திரிகைகள் வயல் தரவில்லை என்பது என் வருத்தம்.

இந்த மண்ணுக்குப் பத்திரிகைத் தொழில் புதிதில்லை. 1855-இல் திருவையாறில் பிறந்த ஜி.சுப்பிரமணிய ஐயர், 1878 செப்டம்பர் 20 அன்று நண்பர்களோடு சேர்ந்து 'தி இந்து'வைத் தொடங்கினார். கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் அச்சடித்தது 80 பிரதிகள். தூண்டுகோலாக இருந்தது டி.முத்துசாமி ஐயர் நியமனம். தஞ்சாவூர்ச் சீமையில் கிராமக் கணக்கு வேலையில் தொடங்கியவர் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனபோது ஆங்கிலேயர் பத்திரிகைகள் எதிர்த்து எழுதின. அதற்குப் பதில் சொல்ல இந்தியர் கையில் பத்திரிகை இல்லை. அதே 1878-இல்தான் இந்திய மொழிப் பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டத்தை லிட்டன் பிரபு கொண்டுவந்திருந்தார். ஆங்கிலப் பத்திரிகைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ரிப்பன் பிரபு காலத்தில் அது நீங்கியது. 1882-இல் சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திர'னைத் தமிழில் தொடங்கினார். 1899-இல் அது நாளிதழானது. 1904-இல் பாரதி அங்கே உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். 1908-இல் சுப்பிரமணிய ஐயர் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். எந்த மொழியில், எந்தக் கருவியில் எழுதலாம் என்பதைச் சட்டம் தீர்மானித்த காலத்தில், அந்தச் சட்டத்தின் சந்து பொந்துகளை அறிந்து தொழில் நடத்திய மனிதர் அவர்.

1942-இல் திருவாரூரில் ஒரு பள்ளி மாணவர் 'சேரன்' என்ற பெயரில் எழுதித் துண்டறிக்கையாக 'முரசொலி'யை வெளியிட்டார். திருக்குவளையில் பிறந்த மு.கருணாநிதி பின்னாளில் ஐந்து முறை முதலமைச்சரானது எல்லோருக்கும் தெரியும். துண்டறிக்கை என்பது அந்தக் காலத்தில் மிக மலிவான, மிக வேகமான ஊடகம். அதை அவர் கையில் எடுத்த வயது 18. திருத்துறைப்பூண்டியில் பிறந்த 'ஆனந்த விகடன்' எஸ்.எஸ்.வாசன், மயிலாடுதுறைப் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி என்று பட்டியல் நீளும். எல்லோருமே ஒரு கட்டத்தில் சென்னைக்கு ரயில் ஏறியவர்கள். டெல்டா ஆள் அனுப்பியது. பத்திரிகை அங்கே வளர்ந்தது. இன்றும் அதுதான் நிலைமை.

இன்றைக்கு ஓர் இளைஞர் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ இந்தத் தொழிலுக்கு வந்தால் முதலில் பகுதி நேர நிருபர் ஆவார். ஒரு காலத்தில் வரிக்கு இவ்வளவு என்று கணக்கு. இப்போது பல இடங்களில் செய்திக்கு இவ்வளவு, அல்லது மாதம் ஒரு சிறு தொகை. நியமனக் கடிதம் அபூர்வம். 1955-ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் பகுதி நேரப் பணியாளரையும், பத்திரிகைத் தொழிலே முதன்மைத் தொழிலாக இருந்தால், தன் வரையறைக்குள் வைத்திருந்தது. கையில் தாள் இல்லாதவர் அதை எங்கே போய் நிரூபிப்பது? அந்தச் சட்டமும் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. வருமானத்தின் பெரும்பகுதி விளம்பரக் கமிஷனில் வருகிறது. தீபாவளி, பொங்கல், தலைவர் பிறந்தநாள் மலர்களுக்கு அதே ஒன்றியச் செயலாளரிடம், அதே ஒப்பந்ததாரரிடம் போய் நிற்க வேண்டும். தூர்வாரும் பணியில் கை வைத்தவரைப் பற்றி எழுத வேண்டிய நிருபர் அவரிடமே கால் பக்க விளம்பரம் கேட்கும் நிலையில் இருக்கிறார். டெல்டாப் பத்திரிகைத் தொழிலில் எல்லாக் கோளாறுகளுக்கும் வேர் இதுதான் என்று நான் நினைக்கிறேன். நிருபரின் நேர்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்துவிட்டுப் பேசட்டும்.

செல்போன் வந்தபின் இந்த வேலை இரட்டிப்பானது. முன்பு செய்தியையும் புகைப்படச் சுருளையும் பேருந்து நடத்துநரிடம் கொடுத்தனுப்பினால் கடமை முடிந்தது. பிறகு ஃபேக்ஸ், பிறகு மின்னஞ்சல். இப்போது அதே ஆள் படம் எடுக்க வேண்டும், காணொளி எடுக்க வேண்டும், பைட் (கேமரா முன் சிறு பேட்டி) வாங்க வேண்டும், இணையத்துக்கு நாலு வரி உடனே தட்ட வேண்டும், இரவு அச்சுக்கு விரித்து எழுத வேண்டும். ஊதியம் பழைய இடத்திலேயே நிற்கிறது. ஆனால் இதே போன்தான் அவரைத் தொழில்நுட்ப நிருபராகவும் ஆக்குகிறது. எப்படி என்று இரண்டு விஷயங்களை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது, பி.எம். கிசான். 2019 பிப்ரவரியில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக, நேரே வங்கிக் கணக்குக்கு வரும். இடைத்தரகர் இல்லை என்பதே இதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. 2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் கதை வெளியே வந்தது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பல மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள், விவசாயமே செய்யாதவர்கள் லட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். தகுதியற்றவர்கள் சுமார் 5.5 லட்சம் பேர், போன பணம் சுமார் 110 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, ஒப்பந்த ஊழியர்கள் பலர் நீக்கப்பட்டார்கள்.

இதில் எந்தக் கணினியையும் யாரும் உடைத்து நுழையவில்லை. பயனாளிகளை ஏற்க வேண்டிய அதிகாரிகளின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளியே போயிருந்தன. கணினி மையங்களில் உட்கார்ந்து தரகர்கள் பெயர்களை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஊரடங்குக் காலத்தில் அரசு நிவாரணம் தருகிறது என்று சொல்லி ஆதாரும் வங்கிப் புத்தகமும் வாங்கிக்கொண்டார்கள். வந்த 2,000 ரூபாயில் ஒரு பங்கு அவர்களுக்கு. தன் பெயரில் என்ன திட்டம் என்றே தெரியாமல் பணம் வாங்கிய ஏழைகளிடம் பிறகு அதே பணம் திரும்பக் கேட்கப்பட்டது.

இந்தச் செய்தியை எழுத மென்பொருள் படித்திருக்க வேண்டியதில்லை. வேளாண் விரிவாக்க மையத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்கள் தலையில் எத்தனை இணையதளங்களின் பதிவேற்ற வேலை இருக்கிறது, கடவுச்சொல்லை உண்மையில் தட்டுவது யார் என்று தெரிந்திருந்தால் போதும். ஓர் உதவி வேளாண் அலுவலர் பல கிராமங்களைப் பார்க்கிறார். இலக்கை முடிக்கச் சொல்லி மேலிருந்து நெருக்கடி. அவர் கடவுச்சொல்லைத் தற்காலிகப் பணியாளரிடம் கொடுக்கிறார்; அந்தப் பணியாளருக்குத் தெரிந்த கணினி மையம் ஒன்று இருக்கிறது. கதை அவ்வளவுதான். தலைநகரத்துத் தொழில்நுட்ப மேசையிலிருந்து பார்த்தால் இந்தச் சங்கிலி தெரியாது. ஒன்றிய அலுவலகத்துத் திண்ணையில் மணிக்கணக்கில் காத்திருந்து பழகியவர் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது, நேரடி நெல் கொள்முதல் நிலையம். அறுவடைக் காலத்தில் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் போகிறவர்கள் சாலையோரமெல்லாம் தார்ப்பாய் மூடிய நெல் குவியலைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்தும் இந்த நிலையங்களில் விற்க விவசாயி முதலில் இணையத்தில் பதிய வேண்டும்: சர்வே எண், பரப்பு, வங்கிக் கணக்கு, கிராம நிர்வாக அலுவலரின் ஒப்புதல். முறை வந்ததும் நெல்லைக் கொண்டுபோனால் ஈரப்பதம் பார்ப்பார்கள். 17 விழுக்காடு வரை ஏற்பார்கள். மழைக்காலத்தில் ஒன்றிய அரசு தளர்வு கொடுத்தால் அதற்கேற்பக் கூடும். கைப்பிடி நெல்லை மீட்டருக்குள் போட்டுத் திருகினால் எண் வரும். அந்த எண் ஒரு குடும்பத்தின் மூன்று மாத உழைப்பைக் களத்திலேயே நிறுத்திவைக்கும், அல்லது அன்று மாலையே 40 கிலோ சாக்கில் ஏற்றிவிடும்.

விவசாயிகள் காலங்காலமாகச் சொல்லும் புகார், சாக்குக்கு இவ்வளவு என்று கைக்காசு கேட்கிறார்கள் என்பது. இணையப் பதிவு வந்தால் அது ஒழியும் என்றார்கள். பதிவு, வியாபாரிகள் வெளியூர் நெல்லைக் கொண்டுவந்து கொட்டுவதை ஓரளவு கட்டுப்படுத்தியது உண்மை. ஆனால் பேரம் நடக்கும் இடம் மீட்டரும் தராசும் சாக்கும் இருக்கும் களம். திரையில் அது வராது. எந்தக் கட்டம் கணினிக்குப் போனது, எந்தக் கட்டம் ஆளிடமே தங்கியது என்று பிரித்துப் பார்க்கும் நிருபர் 'ஆன்லைன் முறையால் விவசாயிகள் அவதி' என்ற தலைப்பையும் போட மாட்டார், 'ஆன்லைன் முறையால் ஊழல் ஒழிந்தது' என்ற அரசு செய்திக்குறிப்பையும் அப்படியே போட மாட்டார்.

2025 அக்டோபர் நினைவிருக்கும். குறுவை நன்றாக விளைந்திருந்தது, மழை முந்திக்கொண்டது, நிலையங்களில் நெல் தேங்கி முளைவிட்டது. எதிர்க்கட்சிகள் அரசைக் குற்றம் சாட்டின. செறிவூட்டப்பட்ட (சத்து சேர்த்த) அரிசி கலப்பதற்கான ஒன்றிய அரசின் ஒப்புதல் தாமதமானதால் அரைவை தேங்கியது, அதனால் கிடங்கில் இடமில்லை என்று மாநில அரசு சொன்னது. நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ செறிவூட்டிய மணிகள் என்ற விகிதத்தில் கலக்க வேண்டும். அந்த மணிகளுக்குத் தரச் சான்று வேண்டும். சான்று வராமல் ஆலை அரைக்காது. ஆலை அரைக்காமல் கிடங்கு காலியாகாது. கிடங்கு காலியாகாமல் களத்து நெல் நகராது. இந்தத் தொடரில் எந்தக் கண்ணி எந்தத் தேதியில் அறுந்தது என்று தாள் வைத்துச் சொல்லும் செய்தி, இரண்டு கட்சித் தலைவர்களின் அறிக்கைகளை எதிரெதிரே வைப்பதைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. அன்று பெரும்பாலும் நமக்குக் கிடைத்தது அறிக்கைகள்தான்.

காவிரிப் பிரச்சினையிலும் இதே பாடம் உண்டு. 1990-இல் அமைந்த நடுவர் மன்றம் 2007-இல் இறுதித் தீர்ப்பு சொன்னது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகத்திலிருந்து தமிழகத்துக்கு ஆண்டுக்கு வர வேண்டிய 192 டி.எம்.சி.யை 177.25 ஆகக் குறைத்தது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று மாதக் கணக்கு இருக்கிறது. ஒரு டி.எம்.சி. என்பது வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் சேரும் தண்ணீர். இந்த ஒரு வாய்ப்பாடு தெரிந்தால் போதும்: ஜூலை முழுக்க சராசரியாக வினாடிக்கு 11,600 கன அடிக்குக் குறையாமல் வர வேண்டும் என்று நாமே போட்டுப் பார்த்துவிடலாம். '10,000 கன அடி திறந்துவிட்டோம்' என்று கர்நாடகத்தில் ஓர் அமைச்சர் சொன்னால், எந்த அணையில், எத்தனை நாள், பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீடு என்ன சொல்கிறது என்று உடனே கேட்கலாம். இந்தக் கணக்கைப் போடாமலே காவிரியைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதியவர்கள் உண்டு.

குறைத்த 14.75 டி.எம்.சி.யில் 10 டி.எம்.சி. டெல்டாவின் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்ததால் போனது. மீதி 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்று நடுவர் மன்றம் கணக்கிட்டிருந்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தொழில்நுட்ப நகரமாக வளர்ந்த பெங்களூரின் தாகம் கடைமடை வரை எட்டுகிறது என்பது இதன் பொருள். அதே பெங்களூரில் மென்பொருள் வேலை பார்ப்பவர்களில் டெல்டா ஊர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்பா குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று பார்க்கிறார், மகன் அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரைக் குடிக்கிறார். தொழில்நுட்பத் துறையின் வளர்ச்சியை எழுதுகிறவரும் காவிரியை எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால்தான் இந்தக் கதை முழுசாக வரும்.

2016 செப்டம்பரில் இது தீயாகவே பற்றியது. கன்னட நடிகர்களைக் கிண்டல் செய்து பேஸ்புக்கில் படம் போட்டதாகச் சொல்லிப் பெங்களூரில் ஒரு தமிழ் இளைஞரை அடிக்கும் காணொளி பரவியது. ராமேசுவரத்தில் கர்நாடக ஓட்டுநர் தாக்கப்படும் காணொளி அந்தப் பக்கம் பரவியது. செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் வரிசையாக எரிந்தன. தண்ணீர் வழக்கு நீதிமன்றத்தில் இருந்தது. கலவரத்தை எடுத்துப்போனது போன். ஒரு காணொளி எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று சரிபார்ப்பது அன்று முதல் காவிரி நிருபரின் வேலையில் சேர்ந்துவிட்டது.

கஜா புயல் இதற்கு நேர்மாறான பாடம். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது மின்கம்பங்களோடு செல்போன் கோபுரங்களின் உயிரும் போனது. சிக்னல் இருந்த இடத்திலிருந்து முன்னெச்சரிக்கைக்குப் பாராட்டு வந்துகொண்டிருந்தது. சிக்னல் இல்லாத கிராமங்களில் தென்னை மொத்தமும் சாய்ந்து கிடந்தது. அந்தச் செய்தி நாட்கள் தள்ளித்தான் வந்தது. விழுந்த மரங்களுக்கிடையே பைக்கைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், படம் எடுத்து, சிக்னல் கிடைக்கும் ஊர் வரை திரும்பி வந்து அனுப்பியவர்கள் பகுதி நேர நிருபர்கள்தான். அவர்கள் பெயர் பல செய்திகளில் வரவில்லை.

தாளை எப்படிப் பெறுவது என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனெனில் இந்தத் தொழிலில் நிலைப்பது அதை வைத்துத்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி விண்ணப்பம். முப்பது நாளில் பதில். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம். பலர் கவனிக்காத ஒன்று: கணினியில் இருக்கும் தகவலை மின்னணு வடிவிலேயே கேட்கலாம் என்று சட்டத்தின் 2(j) பிரிவில் உள்ள வரையறையில் இருக்கிறது. கேட்காவிட்டால் அச்சிட்டு, முத்திரை வைத்து, மங்கலாக நகலெடுத்துத் தருவார்கள். கேட்டால் எக்செல் கோப்பாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

கோப்பாகக் கிடைத்தாலும் தமிழில் இன்னொரு முள் இருக்கிறது. பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியலை நகலெடுத்து ஒட்டினால் ஊர்ப் பெயரெல்லாம் ஆங்கிலக் குப்பையாக வரும். யூனிகோடுக்கு மாறச் சொல்லி 2010-இலேயே தமிழக அரசு ஆணை போட்டது; அலுவலகக் கணினிகளில் பழைய பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. எழுத்துரு மாற்றியைப் போட்டு மாற்றினாலும் ஒற்றுப் புள்ளிகள் இடம் மாறும். 'திருமருகல்' ஒரே பட்டியலில் மூன்று விதமாக வரும். மூன்றும் ஒரே ஊர் என்று கணினிக்குத் தெரியாது, அந்தப் பக்கத்து நிருபருக்குத் தெரியும். ஒரு விரிதாளை வரிசைப்படுத்தவும், இரண்டு பட்டியலை ஒப்பிடவும், ஊர்ப் பெயரைத் திருத்தவும் தெரிந்த ஒரு வட்டார நிருபர் ஒரு மாநிலத் தலைநகர மேசைக்குச் சமம். இதைக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் போதும். கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

இந்தக் கதவும் இப்போது ஒருக்களித்துச் சாத்தப்படுகிறது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவைத் திருத்தியது. தனிப்பட்ட தகவல் என்றாலும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த வாசகம் போய்விட்டது. திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கும் வந்தது. பொதுநலனைக் காட்டிக் கேட்க 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனால் கீழ்நிலைத் தகவல் அலுவலர் அவ்வளவு தூரம் யோசிப்பாரா என்பதே கவலை. பயனாளிகள் பட்டியல் என்றாலே பெயர்கள்தான். பெயர் தர முடியாது என்றால் பி.எம். கிசான் போன்ற அடுத்த முறைகேட்டை ஊர்க்காரர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? முந்தைய வரைவுகளில் பத்திரிகைப் பணிக்கென இருந்த விலக்கும் நிறைவேறிய சட்டத்தில் இல்லை. இது டெல்லிச் செய்தி என்று மாவட்டப் பக்கத்தில் யாரும் எழுதவில்லை. இதைவிட மாவட்டச் செய்தி வேறு இல்லை.

தகவல் தருகிறவரைக் காப்பது அடுத்தது. இந்தியாவில் அதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1978-ஆம் ஆண்டின் பிரஸ் கவுன்சில் சட்டம் அந்தக் கவுன்சிலின் முன்னால் மட்டும் பாதுகாப்பு தருகிறது. சின்ன ஊரில் ஆபத்து இன்னும் அதிகம். அரசு இணையதளத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை ஓர் ஊழியர் அனுப்புகிறார் என்று வையுங்கள். மேல் மூலையில் உள்நுழைந்தவரின் பெயரோ அடையாள எண்ணோ இருக்கும். கீழே நேரம் இருக்கும். அதை வெட்டாமல் வெளியிட்டால் மறுநாள் அவர் இடமாற்றத்தில் இருப்பார். படத்தைப் போடாமல், அதிலுள்ள விவரத்தை வேறு வழியில் உறுதி செய்து எழுதுவதே சரி. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் பாடம் இது.

தேர்தல் காலத்தில் இரு துறைகளும் முழுதாக ஒன்றாகிவிடுகின்றன. 2016-இல் பணப் பட்டுவாடா காரணமாகத் தஞ்சாவூர் தொகுதித் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டு நவம்பர் 19 அன்று நடந்தபோது கவனிக்க வேண்டியது கையில் போன பணம். இப்போது குரலையும் கவனிக்க வேண்டும். 2024 ஜனவரியில், டெல்டாக்காரரான தி.மு.க.வின் டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில், 2018-இல் மறைந்த கருணாநிதி செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய காணொளியில் தோன்றி வாழ்த்தினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் பிறந்தநாளில் அவருடைய குரலை அ.தி.மு.க. அதே வழியில் வெளியிட்டது. இரண்டும் கட்சிகளே அறிவித்துச் செய்தவை. அறிவிக்காமல் செய்வதற்கும் அதே கருவிகள் போதும். வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு ஒரு கிளைச் செயலாளர் பேசியதாக ஓர் ஒலித்துண்டு வந்தால், அவர் பேச்சை நேரில் பலமுறை கேட்டிருக்கும் உள்ளூர் நிருபரே முதலில் சந்தேகப்படுவார். 'போய்யா' என்பாரா 'போப்பா' என்பாரா என்பது வரை அவருக்குத் தெரியும்.

சரிபார்ப்பை அரசிடம் விடவும் முடியாது. ஒன்றிய அரசு அமைக்க முயன்ற சரிபார்ப்புப் பிரிவுக்கான விதியைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் செல்லாது என்றது. தமிழ்நாடு அரசு 2023-இல் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை அமைத்தது. அரசைப் பற்றிய செய்தியை அரசே சரி, தவறு என்று முத்திரை குத்துவதை எந்தக் கட்சி செய்தாலும் நிருபர் அதையும் ஒரு தரப்பின் வாதமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் கற்ற ஒருவர் பிறகு எங்கே போகிறார்? சிலர் சென்னை மேசைக்கு. சிலர் சொந்த யூடியூப் சேனலுக்கு; அங்கே ஆசிரியர் தொல்லை இல்லை, ஆசிரியர் துணையும் இல்லை, வழக்கு வந்தால் வக்கீல் செலவு தன் பை. திறமையானவர்கள் பலர் கட்சிகளின் ஐ.டி. விங்குக்குப் போகிறார்கள், அங்கே மாதச் சம்பளம் உண்டு என்பதால். போவது அவரவர் உரிமை. தேர்தல் முடிந்ததும் திரும்பி வந்து அதே கட்சியைப் பற்றி நிருபராக எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். வாசகருக்கு அதைச் சொல்லியாவது எழுத வேண்டும். ஊரிலேயே தங்குகிறவர்கள் குறைவு. தங்குகிறவர்களை நம்பித்தான் வேலை இருக்கிறது.

அந்த வேலையில் இப்போது எடுத்துச் செய்ய வேண்டிய ஒன்று குத்தகை விவசாயி. டெல்டாவில் கோயில், மடம், அறக்கட்டளை நிலங்களில் தலைமுறையாகச் சாகுபடி செய்கிறவர்கள் ஏராளம். 1952-இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். போராடி வாங்கிய உரிமைகள். பி.எம். கிசான் பட்டாவைப் பார்க்கிறது. பட்டா கோயில் பெயரில் இருக்கிறது. விவசாயிகளுக்கான தனி அடையாள எண்ணும் நில ஆவணத்தோடு பிணைத்தே கட்டப்படுகிறது. அடுத்து கொள்முதலும் காப்பீடும் உரமும் அந்த எண்ணின் வழியாகவே என்று ஆனால், வயலில் இறங்கி நிற்கிறவர் எந்தத் திரையிலும் இருக்க மாட்டார். 1969 சட்டப்படி பதிவான குத்தகைதாரர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு அடையாள எண் கிடைத்தது, கிராமவாரியாக, மின்னணு வடிவில் என்று வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் வேளாண் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் தனித்தனியே இரண்டு விண்ணப்பங்கள் போட வேண்டும். பதில் வந்ததும் இரண்டு பட்டியலையும் ஒப்பிட வேண்டும். சம்பா நடவு முடிவதற்குள் யாராவது போட்டால் நல்லது.